ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி எஃப்12 தட்டிப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ மலேசியாவுல பல ஊர்ல இருந்து வந்த கேள்வி எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட்டேன், ஏன்னா எல்லாம் ஒரே வியாதிதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சி, 11 ஏறாத பழைய லேப்டாப்ப வச்சிருக்கவங்க பக்கத்துல விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்ஸான லினக்ஸையும் (உபுண்டு, மின்ட் எல்லாம் அதோட ரகங்க) போட்டு பாக்கறாங்க, இப்படி ரெண்டையும் ஒரே மெஷின்ல வைக்கறதுக்கு டூயல் பூட்னு பேரு, நல்ல விஷயம்தான், ஆனா கொஞ்ச நாள்ல ஏதோ ஒண்ணு பூட் ஆகாம, அதாவது ஸ்டார்ட் ஆகாம நின்னுடுது, உடனே கடைக்கு தூக்கிட்டு ஓடறாங்க, அங்க மூடிய தொறந்து பாத்த உடனே "ஃபார்மட் தான் லா"ன்னு பதில் வந்துடுது.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன், கமாண்ட எல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதுறேன், நீங்க கீபோர்ட்ல இங்கிலீஷ்ல தட்டிக்குங்க, ஸ்பேஸ் எங்க வருதுன்னு பாத்து தட்டுங்க.

அண்ணே, நான் பினாங்கு பாயான் லெப்பாஸ், டிப்ளோமா படிக்கிறேன். லேப்டாப்ல விண்டோஸ் 11-உம் உபுண்டுவும் இருந்துச்சி, ஆன் பண்ணா கறுப்பு மெனு வந்து எது வேணும்னு கேக்கும். போன வாரம் ராத்திரி விண்டோஸ் பெரிய அப்டேட் ஒண்ணு போட்டுச்சி, காலையில மெனுவையே காணோம், நேரா விண்டோஸ்தான் வருது. கடையில காட்டுனேன், உபுண்டு அழிஞ்சிருச்சி, மொத்தமா ஃபார்மட் பண்ண 120 வெள்ளி, அதாவது 120 ரிங்கிட்னு சொல்றாங்க. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கு. போயிருச்சா?

போகல தம்பி, முதல்ல ஒரு தே ஓ ஐஸ் வாங்கி குடிச்சிட்டு உக்காரு.

உங்க பக்கம் கொண்டோ வாசல்ல ஜாகா, அதாவது காவலாளி ஒருத்தர் புத்தகம் வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு பாத்திருக்கியா, யார் வந்தா எந்த வீட்டுக்கு அனுப்பணும்னு அதுல எழுதி வச்சிருப்பாரு. உன் லேப்டாப்ல அந்த ஜாகா பேரு யூஈஎஃப்ஐ, நாம பழக்கத்துல பயாஸ்னு சொல்றோம். அவரு புத்தகம் மதர்போர்ட்ல ஒரு சின்ன மெமரியில இருக்கு, டிஸ்க்ல இல்ல. டிஸ்க்ல இருக்கறது ஈஎஸ்பின்னு ஒரு குட்டி பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு பகுதி, பெரும்பாலும் 100 எம்பியில இருந்து சில நூறு எம்பி வரைக்கும், ஃபேட்32 ஃபார்மட். அதுக்குள்ள ஈஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மைக்ரோசாப்டுக்கு ஒரு ரூம், உபுண்டுவுக்கு ஒரு ரூம். உபுண்டு ரூம்ல ஷிம்னு ஒரு ஃபைல், அது கிரப்ப எழுப்பி விடும், கிரப் தான் நீ பாத்த கறுப்பு மெனு.

பெரிய அப்டேட் ஏறும்போது சில நேரம் விண்டோஸ் போயி ஜாகா புத்தகத்துல தன் பேர மறுபடி முதல் வரியில எழுதிடும். அவ்ளோதான் நடந்திருக்கும். உபுண்டு ரூம் அப்படியே இருக்கு, உன் ப்ராஜெக்ட் அப்படியே இருக்கு, வாசல்ல வழிதான் மாறிப்போச்சு.

நம்பிக்கை வரணும்னா விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மெண்ட் தொறந்து பாரு, சி, டி மாதிரி டிரைவ் எழுத்து எதுவும் இல்லாம ஒரு பெரிய பார்ட்டிஷன் நிக்கும், அதுதான் உன் உபுண்டு. விண்டோஸுக்கு அத படிக்கத் தெரியாது, அதனால எங்கயாவது "இத ஃபார்மட் பண்ணவா"ன்னு கேட்டா கேன்சல், யோசிக்கவே யோசிக்காத கேன்சல். எனக்கு அந்த புத்தி வந்தது அக்கா கல்யாண போட்டோ முழுசும் போனதுக்கு அப்புறம்தான், அப்ப ஓகே தட்டுனது வேற யாரும் இல்ல, நானேதான்.

இப்ப மெஷின ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ண உடனே எஃப்12 விட்டு விட்டு தட்டு. நிறைய பிராண்டுக்கு எஃப்12, சிலதுக்கு எஸ்கேப், சிலதுக்கு எஃப்9, எஃப்8. ஒரு லிஸ்ட் வரும், அதுல உபுண்டுன்னு ஒரு வரி இருந்தா எண்டர் தட்டு, பழைய மெனு வந்துடும், 120 வெள்ளி மிச்சம். அதோட விடாத, அடுத்த தடவையும் தட்டிக்கிட்டே இருக்க முடியாது இல்ல, உபுண்டுக்குள்ள போயி டெர்மினல் தொற, சூடோ, ஸ்பேஸ், இஎஃப்ஐபூட்எம்ஜிஆர், எண்டர். அந்த கடைசி சொல்லுல இஎஃப்ஐ, பூட், எம்ஜிஆர் மூணும் ஒட்டி வரணும். ஸ்க்ரீன்ல ஜாகா புத்தகம் அப்படியே வந்து நிக்கும், பூட்ஆர்டர்னு ஒரு வரி, அதுக்கு நேரா 0000,0003 அப்படின்னு நம்பர், கீழ 0000-க்கு விண்டோஸ் பூட் மேனேஜர், 0003-க்கு உபுண்டுன்னு இருக்கும், உன் மெஷின்ல நம்பர் வேறயா இருக்கலாம், அத பாத்து எழுதிக்க. அப்புறம் அதே கமாண்ட், ஸ்பேஸ், ஹைஃபன் போட்டு சின்ன ஓ, ஸ்பேஸ், 0003,0000. உபுண்டு முன்னாடி வந்துடும். பயாஸ் ஸ்க்ரீன்ல பூட் ஆர்டர்ல போயி மேல தூக்கி விட்டாலும் இதே வேலைதான்.

சில மெஷின் இருக்கு, என்ன எழுதுனாலும் ரீஸ்டார்ட் ஆன உடனே விண்டோஸையே மேல தூக்கி வச்சிக்கும், மாமியார் மாதிரி. அதுல சிலதுக்கு பயாஸ்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒண்ணு போட்டாதான் அந்த ஷிம் ஃபைல நம்பகமான ஃபைல்னு சேக்க விடும். அதுவும் இல்லன்னா விண்டோஸ்ல அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து, பிசிடிஎடிட் வச்சி விண்டோஸ் பூட் மேனேஜரோட பாதையவே உபுண்டு ஷிம் பக்கம் திருப்பி விடறவங்களும் இருக்காங்க, வேலை செய்யும், ஆனா அடுத்த பெரிய அப்டேட்ல திரும்பிடலாம், அதனால எனக்கு அது ரெண்டாம்பட்சம்தான்.

எஃப்12 லிஸ்ட்ல உபுண்டு வரியே இல்லையா? அப்பவும் பயப்படாத. உபுண்டு பெண்டிரைவ்ல பூட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை மட்டும் பண்ணு, இண்டர்நெட் கனெக்ட் பண்ணி பூட்-ரிப்பேர்னு ஒரு சின்ன சாப்ட்வேர் போட்டு அது பரிந்துரைக்கிற ரிப்பேர ஓட விடு. ஒரே ஒரு எச்சரிக்கை, எஃப்12 லிஸ்ட்ல அந்த பெண்டிரைவ் ரெண்டு தடவ காட்டலாம், ஒண்ணுக்கு முன்னாடி யூஈஎஃப்ஐன்னு இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது. யூஈஎஃப்ஐ போட்டத தேர்ந்தெடு. மத்தத எடுத்தா லெகசிங்கற பழைய முறையில பூட் ஆகி, ரிப்பேரும் அந்த முறைக்கே பண்ணி வச்சிடும், மணி ரெண்டு ஆகும், நீ தலையில கை வச்சிக்கிட்டு உக்காந்திருப்ப.

நான் செந்தூல்ல வீட்ல முறுக்கு, ஓமப்பொடி ஆர்டர் எடுத்து செய்யறேன். பழைய லேப்டாப், 2011-ல வாங்குனது. தம்பி பையன் அதுல லினக்ஸ் ஒண்ணு போட்டு குடுத்தான், நான் யூஸ் பண்றதே இல்லன்னு விண்டோஸ்ல இருந்து அந்த பார்ட்டிஷன டிலீட் பண்ணிட்டேன், இடம் கிடைக்கும்னு. இப்ப ஆன் பண்ணா கறுப்பா ஒரே ஒரு வரி, நோ சச் பார்ட்டிஷன்னு சொல்லி கிரப் ரெஸ்க்யூன்னு நிக்குது. போன தீபாவளி ஆர்டர் கணக்கு எல்லாம் அதுல இருக்கு.

அக்கா, கணக்கு பத்திரமா இருக்கு, அதத்தான் முதல்ல சொல்லணும்.

உங்க லேப்டாப் வயசுக்கு அது பழைய முறையில இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், எம்பிஆர்னு சொல்வாங்க. டிஸ்க்கோட முதல் 512 பைட் தான் மொத்த வாசலும். அதுல 446 பைட் பூட் பண்ற கோடுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, மிச்சம் 2 பைட் முத்திரை. 446 பைட்ல ஒரு முழு மெனு எப்படி அடங்கும், அடங்காது, அதனால கிரப் அங்க ஒரு துண்ட மட்டும் வச்சிட்டு, அதுக்கு பக்கத்து காலி இடத்துல இன்னொரு துண்ட வச்சிட்டு, மிச்ச சாமான் எல்லாத்தையும் லினக்ஸ் பார்ட்டிஷன்ல வச்சிருக்கும். நீங்க அந்த வீட்டத்தான் இடிச்சிட்டீங்க. வாசல்ல நிக்கிற ஆளுக்கு வீடு எங்கன்னு தெரியல, அதான் அப்படியே நின்னுட்டாரு. விண்டோஸ் வீட்ட யாரும் தொடல.

ஆனா எதையும் ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி கணக்க வெளிய எடுத்துடுங்க. தம்பி பையன் லினக்ஸ் போட வச்சிருந்த அதே பெண்டிரைவ்ல பூட் பண்ண சொல்லுங்க, இன்ஸ்டால் பட்டன் பக்கம் போகாம ஃபைல் மேனேஜர் தொறந்தா விண்டோஸ் டிஸ்க் தெரியும், வேற ஒரு பெண்டிரைவ்ல காப்பி பண்ணிக்குங்க. ரீட் ஒன்லின்னு ஏதாச்சும் சொல்லிச்சின்னா கவலைப்படாதீங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா அது முழுசா ஷட்டவுன் ஆகாது, பாதி தூக்கத்துல இருக்கும், அதனால லினக்ஸ் எழுத மாட்டேங்கும், படிக்க விடும். நமக்கு படிச்சாவே போதும்.

அப்புறம் ரிப்பேர். வேற யாராவது கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இன்ஸ்டால் பெண்டிரைவ் ஒண்ணு செஞ்சி அதுல பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் நவ்னு பெரிய பட்டன் வரும், அத விட்டுட்டு ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்னு ஒரு சின்ன எழுத்து இருக்கும், அதுக்குள்ள போயி கமாண்ட் ப்ராம்ப்ட். பூட்ரெக், ஸ்பேஸ், ஸ்லாஷ் போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர். அந்த 446 பைட்ல கிரப்போட துண்ட எடுத்துட்டு விண்டோஸோட துண்ட வைக்கும், பார்ட்டிஷன் பட்டியல தொடாது. ரீஸ்டார்ட் பண்ணா விண்டோஸ் வரணும். வராம மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்னு சொன்னா, எந்த பார்ட்டிஷன் ஆக்டிவ்னு குறி இல்லாம போயிருக்கும், டிஸ்க்பார்ட்ல விண்டோஸ் பூட் பார்ட்டிஷன ஆக்டிவ் பண்ணணும், அத மட்டும் தம்பி பையன பக்கத்துல உக்கார வச்சி பண்ணுங்க, தப்பான பார்ட்டிஷன தேர்ந்தெடுத்துட கூடாது.

இதே தப்ப புது லேப்டாப்ல பண்ணவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ரெஸ்க்யூன்னு வராது, பெரும்பாலும் வெறும் கிரப்னு மட்டும் ஒரு ப்ராம்ப்ட் வரும். எக்ஸிட்னு தட்டி எண்டர் அடிச்சா நிறைய மெஷின்ல அடுத்த வரிக்கு, அதாவது விண்டோஸுக்கு போயிடும், இல்ல எஃப்12. யூஈஎஃப்ஐ மெஷின்ல ஃபிக்ஸ்எம்பிஆர் தட்டி பிரயோஜனமே இல்ல, அங்க வாசல் வேற.

இன்னொரு ரகம் இருக்கு, லினக்ஸ அழிக்கல, பார்ட்டிஷன் சைஸ் மாத்தும்போது நம்பர் மட்டும் மாறிப்போச்சு, அதுக்கும் இதே ரெஸ்க்யூ ஸ்க்ரீன்தான். அவங்க எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். அந்த ப்ராம்ப்ட்லயே எல்எஸ் தட்டுங்க, அடைப்புக்குறிக்குள்ள ஹெச்டி0 கமா எம்எஸ்டாஸ்1, எம்எஸ்டாஸ்5, எம்எஸ்டாஸ்6 அப்படின்னு வரிசையா காட்டும். ஒவ்வொண்ணா எல்எஸ் போட்டு, அடைப்புக்குறி மூடுன உடனே ஸ்லாஷ் பூட் ஸ்லாஷ் கிரப் சேத்து தட்டிப் பாருங்க, அன்நோன் ஃபைல்சிஸ்டம்னு சொன்னா அது இல்ல, ஃபைல் பேரா கொட்டுச்சின்னா அதுதான் வீடு. அப்புறம் செட், ஸ்பேஸ், ப்ரிஃபிக்ஸ், ஈக்குவல், அந்த முழு பாதை. அடுத்த வரி இன்ஸ்மாட் நார்மல். அதுக்கு அடுத்த வரி நார்மல். கறுப்பு ஸ்க்ரீன்ல இருந்து மெனு எந்திரிச்சி வரும் பாருங்க, எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு அந்த நிமிஷம் பிடிக்கும். உள்ள போனதும் கிரப்-இன்ஸ்டால் போட்டு நிரந்தரமா எழுதிடுங்க, இல்ல நாளைக்கும் இதே பாட்டுதான்.

ஐயா வணக்கம், பட்டர்வொர்த். ரிட்டையர்ட் ஆயிட்டேன், வயசு 68. விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும் வச்சிருக்கேன். ராத்திரி 8 மணிக்கு ஸூம்ல திருமுறை வகுப்பு. விண்டோஸ தொறந்தா மதியம் 12-ன்னு காட்டுது! ரெண்டு வகுப்பு விட்டுட்டேன். மதர்போர்ட் பேட்டரி மாத்தியும் பாத்தாச்சு.

ஐயா, பேட்டரி பாவம், அது மேல தப்பில்ல. மதர்போர்ட்ல ஒரு கடிகாரம் இருக்கு, அதுல என்ன மணி எழுதி வைக்கறதுங்கறதுல ரெண்டு பேருக்கும் ஒத்து வராது. விண்டோஸ் நம்ம ஊர் மணியவே எழுதும், லினக்ஸ் உலகப் பொது மணிய, அதாவது யூடிசிய எழுதும். நாம யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னாடி. மின்ட்ல இருந்துட்டு விண்டோஸுக்கு வந்தா 8 மணி நேரம் பின்னாடி காட்டும், நீங்க சொன்ன 8-க்கும் 12-க்கும் நடுவுல எண்ணிப் பாருங்க, கணக்கு சரியா உக்காரும். நீங்க இத 1981-ல பண்ணியிருந்தா ஏழரை மணி நேரம்தான் தப்பு வந்திருக்கும், அந்த வருஷம் டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளி 1982-அ ஆரம்பிச்சாங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல், ஸ்பேஸ், செட்-லோக்கல்-ஆர்டிசி, ஸ்பேஸ், 1. அவ்ளோதான். லினக்ஸ் கொஞ்சம் முணுமுணுக்கும், இது சரியான முறை இல்லன்னு எச்சரிக்கை காட்டும், அது கோடைக்கு ஒரு மணி குளிருக்கு ஒரு மணின்னு மாத்தற நாட்டுக்காரங்களுக்குத்தான் பெரிய தலைவலி, நமக்கு அந்த தொல்லை இல்ல. அப்புறம் விண்டோஸ்ல ஒரு தடவ மணிய சிங்க் பண்ணி விடுங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை பாக்கறேன். லினக்ஸ் போடணும்னா செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணணும்னு வீடியோல சொன்னாங்க, ஆஃப் பண்ணேன். இப்ப விண்டோஸே வரல, நீல ஸ்க்ரீன்ல பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்குது. நான் எந்த கீயும் போட்டதே இல்ல அண்ணா!

தங்கச்சி, இன்னும் எதையும் மாத்தாதீங்க. பயாஸுக்கு திரும்பப் போயி செக்யூர் பூட்ட, அதாவது கையெழுத்து இருக்கற சாப்ட்வேர மட்டும் பூட் ஆக விடற காவல, மறுபடி ஆன் பண்ணுங்க. நிறைய பேருக்கு அதோட நீல ஸ்க்ரீன் போயிடும்.

நீங்க கீ போடலன்னாலும் லேப்டாப் போட்டிருக்கும், இப்ப வர்ற நிறைய மெஷின்ல மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ண உடனே டிஸ்க் தானா பூட்டிக்கும், அந்த பூட்டு பேருதான் பிட்லாக்கர். சாவி டிபிஎம்னு ஒரு சிப்கிட்ட இருக்கு, அது பூட் ஆகற வழிய ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே இருக்கும், வழி மாறுனா "இது நம்ம வீட்டு ஆளு மாதிரி தெரியலையே"ன்னு சாவிய குடுக்காது. செக்யூர் பூட் ஆஃப் ஆனா அதுக்கு வழி மாறுன மாதிரிதான். அது கேக்கற கீ 48 இலக்கம், ஆறு ஆறா எட்டு கட்டு. போன்ல பிரவுசர் தொறந்து அதே மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சி ரெக்கவரி கீ இருக்கற பேஜ்ல பாருங்க, ஸ்க்ரீன்ல காட்டுற கீ ஐடியோட முதல் எழுத்துங்க ஒத்துப்போற கீ தான் உங்களோடது. ஆபீஸ் லேப்டாப்னா கீ ஆபீஸ் ஐடி ஆளுகிட்ட இருக்கும், அப்ப அவர்கிட்ட முதல்ல உண்மைய சொல்லிடுங்க, ஆபீஸ் மெஷின்ல லினக்ஸ் போட போனதே சரியில்லன்னு அவரு சொன்னா நான் அவரு பக்கம்தான்.

கிடைச்ச உடனே அந்த 48 இலக்கத்த பேப்பர்ல எழுதி ஐசி (அடையாள கார்டு) காப்பி வைக்கிற ஃபைல்ல வைங்க. அந்த லேப்டாப்லயே சேவ் பண்ணி வைக்கறவங்கள நான் பாத்திருக்கேன், பெட்டி சாவிய பெட்டிக்குள்ள போட்டு பூட்டுன கதை.

அந்த வீடியோக்காரர் சொன்னது பழைய கதை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே ஏறும், ஷிம் ஃபைல்ல மைக்ரோசாப்ட் கையெழுத்து இருக்கு. என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் போட்டா மட்டும் நடுவுல ஒரு பாஸ்வேர்ட் வைக்க சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்ல மாக் மேனேஜ்மெண்ட்னு ஒரு நீல ஸ்க்ரீன் கொஞ்ச நொடிதான் நிக்கும், அதுக்குள்ள கீ தட்டி அதே பாஸ்வேர்ட குடுக்கணும், காப்பி கலக்க போயிட்டா போச்சு. பயாஸ்ல கை வைக்கிற எந்த வேலைக்கு முன்னாடியும் விண்டோஸ்ல பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணிட்டு போங்க, டீக்ரிப்ட் பண்ண வேணாம், சஸ்பெண்ட் போதும். கடைசியா ஒண்ணு, எல்லாம் சரியான அப்புறமும் கிரப் மெனு வழியா விண்டோஸுக்கு போனா சில மெஷின் மறுபடி கீ கேக்கும், அதுக்கும் வழி மாறுனதுதான் காரணம். அந்த மாதிரி மெஷின்ல விண்டோஸுக்கு எஃப்12 வழியாவே நேரா போயிடறது நிம்மதி.

கெப்போங். பழைய மின்ட் பெண்டிரைவ் ஒண்ணு வச்சிருக்கேன், 2021-ல செஞ்சது, எத்தனையோ மெஷின காப்பாத்துன பெண்டிரைவ். இப்ப எந்த லேப்டாப்ல போட்டாலும் எஸ்பிஏடி செல்ஃப் செக் ஃபெயில்டுன்னு சொல்லிட்டு ஆஃப் ஆயிடுது. பெண்டிரைவ் கெட்டுப்போச்சா?

பெண்டிரைவ் நல்லாத்தான் இருக்கு, அதுல இருக்கற ஷிம்முக்குத்தான் வயசாயிடுச்சி. கிரப்ல ஓட்டைங்க கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், பழைய பதிப்ப எல்லாம் உள்ள விடாதேன்னு ஒரு பட்டியல் வைக்கிற முறைதான் எஸ்பிஏடி. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்ல அந்த பட்டியல் மெஷின்ல எழுதப்பட்டுச்சி, டூயல் பூட் மெஷின தொடாதுன்னு மைக்ரோசாப்ட் சொல்லியிருந்துச்சி, ஆனா பல டூயல் பூட் மெஷின அது அடையாளம் கண்டுக்கல, ஊர் உலகமே கத்துச்சி. உங்களுக்கு சுலபம், புது மின்ட் ஐஎஸ்ஓ ஃபைல டவுன்லோட் பண்ணி மறுபடி எழுதிக்குங்க. இன்ஸ்டால் பண்ண லினக்ஸே இப்படி நின்னுட்டா செக்யூர் பூட்ட தற்காலிகமா ஆஃப் பண்ணி உள்ள போயி ஷிம்ம அப்டேட் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணணும், பிட்லாக்கர் விஷயம் மேல சொன்னதுதான்.

ஆயர் ஈத்தாம். உபுண்டு இன்ஸ்டால் பண்ணப் பாத்தா டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது, பெண்டிரைவ் மட்டும்தான் தெரியுது. எஸ்எஸ்டி செத்துப்போச்சா?

விண்டோஸ் ஓடுதுல்ல, அப்ப எஸ்எஸ்டி உயிரோடதான் இருக்கு. பயாஸ்ல ஸ்டோரேஜ் ஆர்எஸ்டின்னோ விஎம்டின்னோ இன்டெல் முறையில இருக்கும், அத ஏஹெச்சிஐங்கற பொது முறைக்கு மாத்துனா லினக்ஸுக்கு தெரியும். ஆனா சும்மா மாத்துனா விண்டோஸ் நீலமாயிடும், அதனால முதல்ல விண்டோஸ்ல எம்எஸ்கான்ஃபிக் தொறந்து சேஃப் பூட்டுக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸ்ல போயி மாத்து, விண்டோஸ் சேஃப் மோட்ல ஒரு தடவ ஏறட்டும், அப்புறம் டிக்க எடுத்துடு. வரிசை முக்கியம்.

அண்ணா, இவ்ளோ தொல்லை இருக்குன்னா டூயல் பூட் வேணுமா? உங்க அபிப்பிராயம் என்ன? (செராஸ்)

கத்துக்க மட்டும்னா வேணாம். விண்டோஸுக்குள்ளயே விர்ச்சுவல்பாக்ஸ் இல்ல டபிள்யூஎஸ்எல் போட்டு பழகலாம், வாசல் பக்கமே போக வேண்டியதில்ல. முழு வேகம் வேணும், கேமும் வேணும் ப்ரோக்ராமிங்கும் வேணும்னா டூயல் பூட்தான், ஆனா லேப்டாப்ல ரெண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருந்தா தயவு செஞ்சி ரெண்டு எஸ்எஸ்டியில தனித்தனியா போடுங்க. லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல ஏறி இறங்கி ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்குனா போதும். லினக்ஸ் போடும்போது விண்டோஸ் எஸ்எஸ்டிய கழட்டி வச்சிட்டு போடுங்க, இல்லன்னா சில நேரம் இன்ஸ்டாலர் கமுக்கமா விண்டோஸ் டிஸ்க்ல இருக்கற ஈஎஸ்பிலயே கொண்டு போயி கிரப்ப வச்சிடும், ரெண்டு வீடு கட்டி ஒரே வாசல் வச்ச கதையாயிடும்.

புக்கிட் மெர்தாஜம். வீட்டு கம்ப்யூட்டர்ல நானும் அப்பாவும், நான் உபுண்டு, அப்பா விண்டோஸ். போன அப்டேட்டுக்கு அப்புறம் மெனுவுல விண்டோஸ் வரியே காணோம். முன்னாடியே அப்பாவுக்கு அந்த கறுப்பு ஸ்க்ரீன பாத்தா பயம், வைரஸ்னு சொல்லி ப்ளக்க புடுங்கிடுவாரு. இப்ப வீட்ல தினமும் சண்டை.

ப்ளக்க புடுங்கறத முதல்ல நிறுத்த சொல்லும்மா, மெனுவ விட அதுதான் ஆபத்து.

2021-ல வந்த கிரப் 2.06-ல இருந்து வேற ஓஎஸ்ஸ தேடறத பாதுகாப்புக்காக தானாவே ஆஃப் பண்ணி வச்சிட்டாங்க. ஈடிசிக்குள்ள டிஃபால்ட் ஃபோல்டர்ல கிரப்னு ஒரு ஃபைல் இருக்கு, சூடோ போட்டு தொற, கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்னு ஒரு வரி ஹேஷ் போட்டு தூங்கிக்கிட்டு இருக்கும், ஹேஷ எடுத்துட்டு ஈக்குவலுக்கு அப்புறம் ஃபால்ஸ்னு இருக்கான்னு பாரு. வரியே இல்லன்னா நீயே சேத்துடு, எல்லாம் பெரிய எழுத்து, வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர், ஃபால்ஸ் மட்டும் சின்ன எழுத்து. அதே ஃபைல்ல கிரப் டிஃபால்ட் ஈக்குவல் சேவ்ட், கிரப் சேவ்டிஃபால்ட் ஈக்குவல் ட்ரூ, இந்த ரெண்டையும் போட்டா கடைசியா யார் எத தேர்ந்தெடுத்தாங்களோ அதுவே அடுத்த தடவ தானா ஏறும், அப்பா எதையும் தட்ட வேணாம். நீ உபுண்டுல இருந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ்ல விட்டுட்டு போ, அது உன் பொறுப்பு. சேவ் பண்ணிட்டு டெர்மினல்ல சூடோ, ஸ்பேஸ், அப்டேட்-கிரப். ஓடும்போது ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்னு ஒரு வரி வரணும். வரலன்னா உபுண்டு லெகசி முறையிலயும் விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையிலயும் போட்டிருக்கான்னு பாரு, ரெண்டும் வேற வேறன்னா ஒண்ண ஒண்ணு எழுப்பாது.

கறுப்பு ஸ்க்ரீனுக்கும் மருந்து இருக்கு. அதே ஃபைல்ல கிரப் பேக்ரவுண்ட் ஈக்குவல் போட்டு ஒரு பிஎன்ஜி படத்தோட பாதைய குடுத்தா மெனுவுக்கு பின்னாடி அந்த படம் வரும். தண்ணீர்மலை முருகன் படம் ஒண்ணு வச்சி விடு, அப்பா ப்ளக்குல கை வைக்கறாரான்னு பாத்துட்டு எழுது.